முதுகு காட்டும் எண்ணெய்

ஊசிமேட்டின் கிழக்குத் தெருவில் இந்தக் கதையைச் சொல்லும்போது அன்று நல்ல வெயில் என்பார்கள். மேற்குத் தெருவில் சொல்லும்போது பொடித் தூறல் விழுந்துகொண்டிருந்தது என்பார்கள். ஆனால் எண்ணெய் கை வைக்க முடியாத சூட்டில் இருந்தது என்பதிலும், அதில் கொண்டல்சாமியின் முதுகு தெரிந்தது என்பதிலும், அதை முதலில் பார்த்தவள் அவன் மனைவி வேலுத்தாய்தான் என்பதிலும் இரண்டு தெருவுக்கும் வேறுபாடு கிடையாது.

டிராக்டருக்கு ஆயில் வாங்கிவருவதாகச் சொல்லிக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறிய கொண்டல்சாமி திரும்பி வரவில்லை. அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு போனதைக் கடைக்காரர் பார்த்திருந்தார். டப்பாவைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு டீ குடித்ததை பஸ் நிலையத்து டீக்கடைக்காரர் பார்த்திருந்தார். அதற்கு அப்பால் பார்த்தவர் என்று ஒருவரும் இல்லை. வீட்டில் சண்டை இல்லை, வெளியில் பகை இல்லை, மனம் குழம்பிய அடையாளமும் இல்லை. தேடிப் போனவர்கள் ஆஸ்பத்திரிகளையும் சத்திரங்களையும் திருவிழாக் கூட்டங்களையும் சலித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். வேலுத்தாய் தாலியையும் கழற்றவில்லை, டிராக்டரையும் விற்கவில்லை. அவன் இருந்தபோதே களத்துமேட்டில் ஓட்டிப் பழகியிருந்த அந்தச் சிவப்பு வண்டியைத் தானே எடுத்துக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஊரார் புஞ்சைகளுக்கு உழவு ஓட்டப் புறப்பட்டாள். கரிசல் மண்ணும் அவளை அவனைப் போலவே ஏற்றுக்கொண்டது.

வண்டியின் மணி மீட்டர் இருநூற்றைம்பது மணி ஏறினால் ஆயிலை மாற்ற வேண்டும் என்பது சாதா ஆயிலுக்கு உரிய கணக்கு. அதுவும் வண்டி ஓடி நின்ற சூட்டோடு இறக்க வேண்டும், ஆறவிட்டால் கசடு அடியிலேயே தங்கிவிடும் என்று மெக்கானிக் செய்யது சொல்லியிருந்தான். அவன் சொன்னபடியே வேலுத்தாய் கொத்தனார் விட்டுப்போன சாந்துச்சட்டியை வண்டிக்கடியில் தள்ளி, அடிப் போல்ட்டைக் கழற்றினாள். கறுப்பாக இறங்கிய எண்ணெய் சட்டியில் சுழன்று, நுரை அடங்கி, ஆடாமல் நின்றபோது, அதற்குள் ஒரு சாலையில் கொண்டல்சாமி அவளுக்கு முதுகைக் காட்டியபடி நடந்து போய்க்கொண்டிருந்தான். இடது தோளில் துண்டு, வலது காலை ஒரு நூல் அதிகமாக எடுத்து வைக்கும் அதே நடை. வேலுத்தாய் அலறவில்லை. உயிரோடு இருக்கிறான் என்பது அவள் நெஞ்சுக்குள் இறங்கி உட்காருவதற்கு முன்பாகவே அவள் கண் அவன் சட்டையில் போய் நின்றுவிட்டது: அது புதுச் சட்டை. அதை அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

நாத்தனார் அய்யம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். தம்பி பிறந்தபோது அவனை இடுப்பில் சுமந்த அய்யம்மாள் சட்டியின் முன் மண்டியிட்டுப் பார்த்துவிட்டு, இளைத்துப்போய்விட்டான் என்றாள். அவ்வளவுதான். எண்ணெய் ஆறியது, படம் மூடிக்கொண்டது.

ஊர் இதற்காக வாய் பிளக்கவில்லை. ஆடு காணாமல் போனாலும் பெண் காணாமல் போனாலும் வெற்றிலையில் மை தடவிப் பார்க்கிற பூமி அது. பக்கத்து ஊர் மைக்காரர் உலகநாதன் வந்து, சட்டியை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து, விளக்கில் எண்ணெய் எரிந்து கரியானால் மை என்கிறோம், இரும்புக்குள் எண்ணெய் எரிந்து கரியானால் அதற்கு வேறு பேரா வைக்க முடியும் என்று கேட்டார். ஒரு வெற்றிலையில் முடிகிற காரியத்துக்கு ஒரு சட்டி மை தேவைப்படுவதைத்தான் ஊதாரித்தனம் என்று குறைப்பட்டுக்கொண்டார். அடுத்த முறை ஆயில் இறக்கியபோது பாதி ஊர் வந்து நின்றது.

எது எப்படி என்று ஊர் தானாகவே கண்டுபிடித்துக்கொண்டது. அந்த எண்ணெயைக் கொண்டு யாருடைய நிலம் உழப்பட்டதோ அவர்களுக்கு மட்டுமே அதில் ஆள் தெரியும். தூரத்தில் இருக்கிறவர்கள் மட்டுமே தெரிவார்கள், செத்தவர்கள் தெரியமாட்டார்கள். எண்ணெய் ஆறும்வரைதான் காட்சி. உழவு வாங்கிய வரிசையில்தான் பார்க்க வேண்டும், வண்டிக்காரி கடைசி. இவற்றையெல்லாம் விடப் பெரியது ஒன்று: முகம் தெரியாது. மும்பையில் இருக்கும் மகனும், சவூதியில் இருக்கும் புருஷனும், கோபித்துக்கொண்டு போன மகளும் எண்ணெய்க்குள் நடந்துகொண்டோ சைக்கிள் மிதித்துக்கொண்டோ இருப்பார்கள். முதுகு மட்டும்தான் இந்தப் பக்கம் இருக்கும். வடக்குக் காட்டில் பக்கத்துப் பக்கத்துப் புஞ்சை வைத்திருந்த இரண்டு தாய்மார்கள் ஒரே முதுகைத் தங்கள் மகன் முதுகு என்று சொல்லிச் சண்டையிட்டு, இரண்டு மகன்களும் பொங்கலுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் காட்டியும் தீராமல், பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் ஊரில் அந்தப் பழக்கம் வந்தது: திருப்பூருக்கோ வெளிநாட்டுக்கோ புறப்படுகிற பிள்ளையின் சட்டைகளில், பின்பக்கம், காலருக்குக் கீழே, வீட்டுக்கு ஒரு நிறத்தில் ஒட்டுத்துணி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஊசிமேட்டுப் பையன்கள் எந்த ஊரிலும் முதுகைப் பார்த்தே இனங்காணப்பட்டார்கள்.

காட்சி முடிந்த எண்ணெயை ஆளுக்கொரு சிரட்டை வாங்கிப்போய்க் கரையானுக்காகக் கதவுநிலையில் பூசினார்கள். ஒருவரையொருவர் வழியில் கண்டால் சாப்பிட்டாச்சா என்று கேட்பது குறைந்து, வண்டிக்கு எப்போது ஆயில் என்று கேட்பது கூடியது.

ஆனால் ஏக்கம் மீட்டருக்கு அடங்குகிற பொருள் அல்ல. மீட்டரைச் சீக்கிரம் ஏற்றுவதற்காக உழுத நிலத்தையே மறுபடி உழச் சொன்னார்கள். மறுஉழவு முடிந்ததும் குறுக்கே ஓட்டச் சொன்னார்கள். ஓட்டுவதற்கு நிலமே இல்லாதபோது, வண்டியை நிழலில் நிறுத்தி சும்மா உறுமவிட்டாவது வைக்கும்படி டீசலோடு வந்து நின்றார்கள். மண் மாவாகிப் பறந்து தெருவெல்லாம் படிந்தது. பொறுக்கமாட்டாமல் ஒரு தடவை பாதி மீட்டரிலேயே ஆயிலை இறக்கிப் பார்த்தார்கள். அது தேன் நிறத்தில் வந்து, குனிந்தவர்களுக்கு அவரவர் முகத்தையே காட்டியது.

வேலுத்தாய்க்கு வேறு கவலை இருந்தது. மற்றவர்களின் ஆட்கள் ஒருமுறை அருகிலும் ஒருமுறை தொலைவிலுமாகத் தெரிய, கொண்டல்சாமி மட்டும் ஒவ்வொரு முறையும் சிறுத்துக்கொண்டே போனான். முதலில் முழங்கை உயரத்துக்குத் தெரிந்தவன் அடுத்து ஒரு சாண் ஆனான், பிறகு விரல் நீளம், பிறகு விரல்கணு. புதுச் சட்டை சாயம் போனது, தோள்பட்டையில் கிழிந்தது, கிழிந்தபடியே கிடந்தது. தைத்துக் கொடுக்க யாரும் இல்லை என்று அறிந்ததும் அவள் மனம் ஒருகணம் குளிர்ந்தது. குளிர்ந்ததற்காக அடுத்த கணமே அந்த மனத்தை அவள் திட்டிக்கொண்டாள். எட்டிப் பிடித்துவிடலாம்போலத் தோன்றும் தூரம் போய், கூப்பிட்டால் கேட்கும் தூரமும் போய், அவன் ஒரு கடுகாகி மறையும் ஆயில் ஒன்று வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அது அடுத்ததாகவே இருக்கலாம்.

புரட்டாசி பிறந்து, வானம் தென்கிழக்கில் கறுக்கத் தொடங்கி, விதைப்புக்கு ஊரே காத்திருந்த வேளையில் வண்டி படுத்துவிட்டது. நடுப்புஞ்சையில் நீலப் புகையாகக் கக்கி, இருமி, நின்றது. இன்னொரு வண்டியை வைத்து இழுத்துக்கொண்டுபோய்ச் செய்யதின் பட்டறையில் சேர்த்தார்கள். செய்யது இன்ஜினைப் பிரித்து, பிஸ்டனை வெளியே எடுத்து, வளையங்கள் அசையாமல் ஒட்டிக்கிடப்பதைக் காட்டி, அடியில் படிந்திருந்ததை விரலில் வழித்துத் தேய்த்துப் பார்த்தான். இது ஓட்டத்தில் வந்த கரி இல்லை, வெளியிலிருந்து போட்ட கரி என்றான். வேலுத்தாய் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அவளோடு வந்திருந்த அய்யம்மாள்தான் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு பேசினாள்.

"நாந்தேன் போட்டேன். வெளக்குக் கரி. ஆயில் ஊத்துற வாய்ல ரெண்டு சிரட்டை போட்டேன், சீக்கிரம் கறுக்கட்டும்னு."

"ஏன் பெரியம்மா, மிளகாய்ப்பொடியும் கொஞ்சம் போட்டிருக்க வேண்டியதுதானே," என்றான் செய்யது. "ருசியா இருந்திருக்கும்ல வண்டிக்கு."

அய்யம்மாள் சிரிக்கவில்லை. அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. கடைசியாகச் சட்டியைப் பார்த்தபோது எண்ணெய் எது, தம்பி எது என்று தெரியாமல், எல்லாரும் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்திருந்தாள். கண் முழுக்க மூடுவதற்குள் இன்னும் ஒருமுறை என்ற அவசரத்தில்தான் மாடக்குழியில் படிந்திருந்த கரியையெல்லாம் சுரண்டினாள்.

வளையம் மாற்றி, கசடு கழுவி, இன்ஜினை மறுபடி கூட்டித் தருவதாகச் செய்யது ஏற்றுக்கொண்டான். அதன் பிறகு என்ன ஆயில் ஊற்றுவது என்பதுதான் கேள்வி. இரண்டு டப்பாக்களையும் எடுத்து மேசைமேல் வைத்தான். ஒன்று இத்தனை நாள் ஊற்றியது. மற்றது சிந்தெடிக். அது சூட்டில் இளகாது, குளிரில் இறுகாது, கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னோடு சுமந்துகொண்டே ஓடும், சாதா ஆயிலைப் போல இரண்டு மடங்கு மணி தாங்கும் என்று அவன் விளக்கினான்.

"அக்கா, உள்ளதைச் சொல்லிர்றேன். வண்டி பிழைக்கணும்னா இதை ஊத்துங்க. அடிக்கடி பாக்கணும்னா பழசையே ஊத்துங்க. ஆனா ஊர்ல பண்ற மாதிரி சும்மாவே உறுமவிட்டுப் பழசுலயே ஓட்டினா, அடுத்த வருச வெள்ளாமைக்கு இது வண்டியா இருக்காது, இரும்பாத்தான் இருக்கும்."

"அதுல ஆளு தெரியுமா?" என்று கேட்டாள் வேலுத்தாய்.

"அது எனக்கு எப்படித் தெரியும்? டப்பால போடல."

செய்தி வண்டிக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. கோயில் முன்பாகக் கூடிப் பேசினார்கள். இரண்டு மடங்கு காத்திருப்பதா என்று பெண்கள் கொதித்தார்கள். மைக்காரர் உலகநாதன் தம் கருத்தைத் தெளிவாக எடுத்து வைத்தார்: சாதா ஆயில் பூமிக்கடியில் கிடந்தது, ஆதிகாலத்துக் காட்டையும் உயிரையும் உள்ளே வைத்திருப்பது, அதற்கு ஞாபகம் உண்டு, சிந்தெடிக் ஆலையில் மனிதன் கூட்டிச் செய்தது, அதற்கு முன்பிறவி கிடையாது, முன்பிறவி இல்லாததற்கு யாரை ஞாபகம் இருக்கும்? இதை ஒப்பாதவர்களும் இருந்தார்கள். வெகுநேரம் சுமக்கிற எண்ணெய் வெகுதூரம் காட்டாதா என்று அவர்கள் கேட்டார்கள். டிராக்டரே ஆலையில் செய்ததுதானே, அது என்ன காட்டில் முளைத்ததா என்று ஒருவர் உலகநாதனை மடக்கினார். கிழக்குத் தெருக் கதையில் உலகநாதன் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார். மேற்குத் தெருக் கதையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார். முடிவு எதுவும் ஏற்படாமலேயே கூட்டம் கலைந்தது என்பதில் இரண்டும் ஒன்று. ஆனால் வண்டி வேலுத்தாயுடையது. பழைய எண்ணெயே ஊற்றும்படி அவளிடம் சொல்லும் பொறுப்பை அய்யம்மாள் தானாகவே எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பட்டறையில் அவள் வேலுத்தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏ வேலுத்தாயி, ரெண்டு மடங்கு நாளுன்னா அதுவரைக்கும் எனக்குக் கண்ணு இருக்குமாடி? கண்ணாஸ்பத்திரில போயி வேற கண்ணு வச்சுக்கன்னு சொல்லுதாக. அந்தக் கண்ணுக்கு எந்தம்பிய அடையாளம் தெரியுமா? அது எங்கூடப் பொறந்த கண்ணா?"

வேலுத்தாய் இரண்டு டப்பாவையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றில் அவன் நிச்சயமாக இருந்தான், போய்க்கொண்டே இருந்தான். இன்னொன்றில் அவன் இல்லாமலே போகலாம். வெகுநாளாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள்.

"மதினி, நாம பாக்கப் பாக்க அவரு தூரமாப் போறாரு. ஒவ்வொரு தடவையும் போல்ட்டக் கழட்டுறேன், ஒவ்வொரு தடவையும் எட்டு வச்சுப் போறாரு. யாரோ பின்னாலயே வாராகன்னு நெனைக்காரோ என்னவோ. கொஞ்ச நாளு பாக்காம இருப்போமே. நிக்காரான்னு பாப்போம்."

அய்யம்மாள் கையை விட்டுவிட்டாள். செய்யது இரண்டாவது டப்பாவின் மூடியைத் திருகினான்.

அந்த வருஷம் விதைப்பு நல்லபடியாக முடிந்தது. வண்டி சத்தம் குறைந்து, பூனை உறுமுவதைப் போல ஓடியது. மீட்டர் பழைய கணக்கான இருநூற்றைம்பதைத் தொட்ட நாளில் கையில் சிரட்டையோடு சிலர் பழக்கத்தில் வந்து நின்றார்கள். வேலுத்தாய் அளவுக்கம்பியை உருவி எண்ணெயின் நிறத்தைக் காட்டி, இன்னும் பாதி வழி இருக்கிறது என்று அனுப்பிவைத்தாள். அவளுக்கே அது எளிதாக இருக்கவில்லை. கை தானாகவே ஸ்பேனரைத் தேடிப் போகும். பிடித்து இழுத்துக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொள்வாள். அடிப் போல்ட்டில் விரலை வைத்து, உள்ளே எண்ணெய் வெதுவெதுப்பாக இருப்பதை, தூங்குகிறவரின் நெற்றியைத் தொடுவதுபோலத் தொட்டுவிட்டு எழுந்துபோவாள். இப்போது நின்றிருப்பானா, ஒரு மரத்தடியில் துண்டை விரித்திருப்பானா என்று உழவுச் சாலின் நீளத்துக்கு நினைத்துக்கொண்டே போவாள். மும்முறை உழும் வழக்கம் ஊரில் நின்றுபோனது. மாவாகிப் பறந்த மண் மறுபடி கட்டி பிடித்தது. கம்பும் பருத்தியும் இடுப்புக்கு மேல் நின்றன. காத்திருக்கிற காலத்தில் செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் அய்யம்மாளும் கண் முகாம் வண்டியில் ஏறிப்போய், பச்சைத் துணி கட்டிய கண்ணோடு திரும்பி வந்தாள். கட்டு அவிழ்த்ததும் முதல் வேலையாக வேலுத்தாயைப் பார்த்து, நீ இவ்வளவு கறுப்பா என்று கேட்டாள்.

மீட்டர் நிறைந்த நாளில் ஊசிமேடு முழுவதும் களத்துமேட்டில் இருந்தது. சாயங்காலம், உழவு முடித்து வந்த சூட்டோடு, வேலுத்தாய் சட்டியைத் தள்ளிப் போல்ட்டைக் கழற்றினாள். எண்ணெய் இறங்கியது. அதுவரை எந்த ஆயிலும் அவ்வளவு கறுப்பாக வந்ததில்லை. அது சட்டிக்குள் விழுந்ததாகவே தெரியவில்லை, சட்டிக்கு அடி இல்லாமல் போனதாகத்தான் தெரிந்தது. வரிசையில் முதலாவதாக நின்றவர் குனிந்தார், வெகுநேரம் எழவில்லை, எழுந்தவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நடந்தார். அடுத்தவரும் அப்படியே. என்ன தெரிந்தது என்று பின்னால் நின்றவர்கள் கேட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசிக்கு முந்தியவளாக அய்யம்மாள் மண்டியிட்டு, புதுக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"மீசை நரைச்சிருச்சு அவனுக்கு," என்றாள்.

முதுகில் மீசை இருக்காது என்பது எல்லாருக்கும் தெரியும். கூட்டம் விலகி வழிவிட்டது.

வேலுத்தாய் குனிந்தபோது எண்ணெய் ஆறுவதற்குச் சற்று நேரமே இருந்தது. கொண்டல்சாமி அருகிலேயே இருந்தான். நடக்கவில்லை, குத்தவைத்திருந்தான், முகம் முழுவதும் இந்தப் பக்கம் இருந்தது, ஆனால் கண்கள் அவளைப் பார்க்கவில்லை, கீழே எதையோ உற்றுக்கொண்டிருந்தன. அவன் முன்னால் செம்மண் தரை. தரையில், யாருடையதோ ஒரு வண்டிக்கடியில், ஒரு தகரச் சட்டி. சட்டியில் கறுத்த எண்ணெய். அந்த எண்ணெய்க்குள், எள்ளளவில், ஒரு சிவப்பு டிராக்டர் உழுதுகொண்டு போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் தலையில் துண்டு சுற்றிய ஒரு பெண் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். அவன் அவளைத் தொடப்போவதுபோல விரலை நீட்டி, சூடு தாங்காமல் இழுத்துக்கொண்டான். மறுபடி நீட்டினான். டிராக்டர் நிற்கவில்லை, கரிசலின் விளிம்பை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போனது. அவன் உதடு அசைந்தது. தன் பெயரைத்தான் சொன்னான் என்று அவள் அறிந்துகொண்ட கணத்தில் எண்ணெய் ஆறி, வெறும் எண்ணெயானது.

அவள் எழுந்து நின்று, கையை மணலில் தேய்த்துத் துடைத்துக்கொண்டு, அய்யம்மாளிடம் மட்டும் சொன்னாள்.

"அவரு நின்னுக்கிட்டுத்தான் இருக்காரு, மதினி. நாந்தேன் போய்க்கிட்டே இருக்கேன்."

அதற்குப் பிறகு வேலுத்தாய் உழுத சால் எதுவும் நேராக இருந்ததில்லை. வண்டியில் ஏறி கியரைப் போட்டதும் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்கத் தொடங்கிவிடுவாள். கலப்பையைப் பார்ப்பதற்கு அல்ல, கலப்பைக்கும் அப்பால், ஆளில்லாத வெளியைப் பார்த்து, முகத்திலிருந்து துண்டை நன்றாக விலக்கிக்கொண்டு. அவன் எந்த ஊரில், எந்த வண்டிக்கு அடியில், எப்போது சட்டி வைப்பான் என்பது அவளுக்குத் தெரியாது. ஆகவே எப்போதும் பார்த்தாக வேண்டியிருந்தது. சால்கள் ஓடையைப் போல வளைந்தன, வளைவுகளிலேயே விதை விழுந்தது, பருத்தி வளைந்து நின்று வெடித்தது. பஸ்ஸில் போகிற வெளியூர்க்காரர்கள் எந்தக் குடிகாரன் உழுதானோ என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள். நிலக்காரர்கள் ஒரு சொல் சொல்லுவதில்லை. களையெடுக்கிறவர்கள்கூட இப்போதெல்லாம் நிமிர்ந்தால் ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் குனிகிறார்கள். வரப்பு வந்து வண்டியைத் திருப்பும்போது மட்டும் வேலுத்தாய் முன்னால் பார்க்கிறாள். அதையும், பார்த்துக்கொண்டிருக்கிறவர் தவறாக நினைத்துவிடக்கூடாதே என்று, வெடுக்கென்று முடித்துக்கொள்கிறாள்.